தலைப்பக்கம் வெறுமையாக ஒரு படிவம்

1

நீர்வேலியில் இருந்து அண்ணை அனுப்பிய குரற்பதிவு மூன்று நிமிடம் ஓடுகிறது. அதில் முதல் ஒரு நிமிடம் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டார்தான் கதைக்கிறது. பிறகுதான் அண்ணையின் குரல் வருகிறது.

“தம்பி, எங்கடை பள்ளிக்கூடத்துக்கு நூறு வரியம் ஆகுது. மலர் ஒண்டு போடினம். வெளியிலை இருக்கிற பழைய மாணவரிட்டைக் கட்டுரை கேட்டு வாங்கிற வேலையை என்ரை தலையிலை கட்டிப்போட்டினம். நீயும் எழுது. உங்கை பள்ளிக்கூடங்கள் எப்பிடி நடக்குது எண்டு எழுது. ரெண்டு பக்கம் காணும். நீ தொடங்கினால் நிப்பாட்டமாட்டாய், அதுதான் முதலே சொல்லுறன்.”

நான் கட்டுரை எழுதுகிறவன் அல்ல. பத்தாம் வகுப்பு முடிவில் வரும் ஓ.எல். சோதனையை இரண்டு தரம் எடுத்தேன். இரண்டு தரமும் கணக்குக் கைவிட்டது. இங்கே ஒரு வைத்தியசாலையின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளை மடிக்கிறேன். ஆனால் இந்த நாட்டில் ஒரு பள்ளிக்கூடம் எப்படிப் பிறக்கிறது என்பது மட்டும் எனக்குத் தேவைக்கு அதிகமாகத் தெரியும். அதைத்தான் எழுதப்போகிறேன். இரண்டு பக்கத்துக்குள் நிற்காது. அண்ணை பொறுத்துக்கொள்ளட்டும்.

2

முதலில் நான் இருக்கும் இடத்தைச் சொல்லவேண்டும். வருடத்தில் ஐந்து மாதம் பனி கொட்டும் ஒரு சிறிய நகரம். கிட்டிய தமிழ் வீடு காரில் நாற்பது நிமிடம். கோயில் இரண்டு மணித்தியாலம்.

வேலை காலை ஆறு மணிக்கு. விடிய எழும்பிக் குளித்து, பிள்ளையார் படத்துக்கு முன்னால் நின்று விபூதி பூசுவேன். பூசிவிட்டு நெற்றியைத் துடைத்துவிட வேண்டும். வைத்தியசாலைத் துணியில் ஒரு தூளும் விழக்கூடாது என்பது சலவைக்கூடத்தின் சட்டம். முதல் வருடம் சலவைக்கூட வாசல்வரை துடைக்காமல் போவேன். இப்போது நெற்றியில் பூசுவதில்லை. சட்டைக்குள்ளே, நெஞ்சில் பூசிக்கொண்டு போகிறேன். அதை ஒருவரும் காண்பதில்லை.

பெரிய விரிப்பை ஒருவர் தனியே மடிக்க முடியாது. விரிப்பின் மற்றத் தலைப்பில் யூசுப் நிற்பான். சோமாலியா நாட்டுக்காரன், என்னைவிட நாலைந்து வயது இளையவன். இரண்டு மூலைகளைப் பிடித்துக்கொண்டு ஒருவரை நோக்கி ஒருவர் நடப்போம். மூலைகள் சேர்ந்ததும் விலகிப் போவோம். ஒரு நாளைக்கு எத்தனை நூறு முறை என்று எண்ணியதில்லை. இந்த ஊரில் என் முகத்துக்குக் கிட்ட வருகிற முகம் அது ஒன்றுதான்.

என் மனைவி புவனம் முதியோர் இல்லத்தில் பின்னேர வேலை. நான் வீட்டுக்குள் நுழையும்போது அவள் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருப்பாள். “சோறு அடுப்பிலை. குழம்பு பிரிட்ஜுக்கை. அபிக்கு நாளைக்கு என்னவோ கையெழுத்து வேணுமாம்.” எங்களுடைய குடும்ப வாழ்க்கை பெரும்பாலும் அந்தக் கதவடியில் இந்த மூன்று வசனங்களில்தான் நடக்கிறது.

மகள் அபிராமி அப்போது இரண்டாம் வகுப்பு. அவளுடைய பள்ளியில் தமிழ்ப் பிள்ளை அவள் ஒருத்திதான். நான் தமிழில் கேட்பேன், அவள் இங்கிலீசில் பதில் சொல்லுவாள். இருவருக்கும் பொதுவான சொல் ‘அப்பா’ மட்டும்.

3

ஒரு தைப்பொங்கலுக்கு ரகு வீட்டில் எல்லாரும் கூடியிருந்தோம். ரகு நெல்லியடிப் பக்கத்துப் பெடியன், கொம்பியூட்டர் வேலை. சுற்றுவட்டாரத் தமிழர்களுக்கு எல்லா அலுவலும் அவன்தான் பார்ப்பான். கோயம்புத்தூரில் இருந்து வந்த கவிதா ரீச்சரும் அங்கே இருந்தார். இரண்டு பேரும் சேர்ந்து அன்றைக்கு ஒரு யோசனை சொன்னார்கள்: நாங்களே ஒரு சாட்டர் பள்ளிக்கூடம் தொடங்குவோம்.

அது என்னவென்று எனக்கு விளங்க ஒரு மாதம் எடுத்தது. உங்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். செலவு அரசாங்கத்தினுடையது, ஆனால் நடத்துவது அரசாங்கம் அல்ல. பெற்றோரும் ஆசிரியரும் கூடி ஒரு சபை அமைத்து, இப்படிப் படிப்பிப்போம், இத்தனை வருடத்தில் பிள்ளைகளை இந்த அளவுக்குக் கொண்டுவருவோம் என்று எழுதிக் கொடுக்கவேண்டும். அதைப் பார்த்து அனுமதி கொடுப்பதற்கு மாநிலச் சட்டப்படி இன்னொரு சபை இருக்கிறது. அவர்கள் தருவது ஐந்து வருட ஒப்பந்தம். சொன்னபடி நடக்காவிட்டால் பள்ளியை மூடிவிடுவார்கள். பிள்ளைகளிடம் ஒரு சதமும் வாங்கக்கூடாது. சோதனை வைத்துச் சேர்க்கக்கூடாது. இடத்தைவிடப் பிள்ளைகள் கூடினால் எல்லாரும் பார்க்கக் குலுக்கல். சமயம் கலக்கவே கூடாது.

தமிழ்ப் பிள்ளைகள் மட்டும் என்றால் வகுப்பு நிரம்பாது. ஆகவே அரைநாள் இங்கிலீசு, அரைநாள் பிள்ளையின் வீட்டு மொழி. தமிழ், சோமாலி, ஸ்பானிஷ் என்று மூன்று மொழிக்கும் ஆசிரியர் என்று முடிவாயிற்று.

நான் கேட்டேன். “தம்பி ரகு, உந்த அனுமதி குடுக்கிற ஐயா ஆர்? ஒருக்கா வீட்டை போய்க் கண்டுபோட்டு வருவமே?”

“ஐயா ஒருத்தரும் இல்லை அண்ணை. அது ஒரு சபை. ஒன்பது பேர்.”

“ஒன்பது பேரையும் காணுவம். வெறுங்கையோடை போகாமல் ஆளுக்கொரு சீப்பு வாழைப்பழம்...”

“அண்ணை! பழத்தோடை போனியளெண்டால் லஞ்சம் எண்டு பிடிப்பினம். பள்ளிக்கூடம் கிடையாது, மறியல்வீடுதான் கிடைக்கும்!”

எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் ஒரு பெரிய மனிதரின் முகத்தைப் பார்க்காமல் ஒரு காரியம் எப்படி ஆகும் என்ற யோசனை எனக்குப் போகவில்லை.

எங்கள் சபைக்குச் சிறு பிள்ளை உள்ள பெற்றோர் ஒருவர் தேவைப்பட்டார். கவிதா ரீச்சர் என்னைப் பார்த்தார். “அண்ணா, நீங்க வாங்க. நீங்க இருந்தாதான் நாங்க எல்லாரும் ஆபீஸ் ஆளுங்க மாதிரி தெரியமாட்டோம்.” ரகு காதடியில் வந்து இன்னொன்று சொன்னான். தொடக்கச் சபையில் இருக்கிறவர்களின் பிள்ளைகளுக்குக் குலுக்கல் இல்லை. இடம் நிச்சயம்.

அதைக் கேட்டபின் நான் வேறொன்றும் யோசிக்கவில்லை. அபிக்கு ஒரு வகுப்பு நிறையத் தமிழ்ப் பிள்ளைகள். எனக்கும் வாசலில் நின்று கதைக்க நாலு மனிதர். ஓம் என்று சொல்லிவிட்டேன்.

4

எங்கள் பள்ளிக்கூடத்தின் கிழக்குப் பக்கக் கட்டடம் எப்படி வந்தது என்று இந்த மலரை வாசிக்கும் இளம் பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருக்கலாம். அது பிடியரிசியில் வந்தது. ஒவ்வொரு வீட்டிலும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துப் புறம்பான பானையில் போடுவார்கள். சனிக்கிழமையில் என் தகப்பனார் அப்புவும் இன்னும் இரண்டு தோட்டக்காரரும் சாக்கோடு வருவார்கள். சில வீடுகளில் பானை நிறைய இருக்கும். சில வீடுகளில் அடியில் கிடக்கும். அப்பு பானைக்குள் எட்டிப் பார்க்கமாட்டார், முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டுதான் சாக்கை விரிப்பார்.

சுவர் எழும்பியபிறகு, ஆசிரியர் தரச்சொல்லிக் கல்விக் கந்தோருக்கு அப்பு ஒரு பெட்டிசம் எழுதினார். தாளின் தலையில் முதலில் பிள்ளையார் சுழி. சுழித்து, கீழே இரண்டு கோடு இழுத்து, பிறகுதான் ‘ஐயா அவர்களுக்கு’. கந்தோர் ஐயா அதை வாசித்துவிட்டு, “பெட்டிசம் எண்டாலும் முறையாய்த் தொடங்கியிருக்கிறியள்” என்று சொன்னாராம். அப்பு அதைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

நானும் அப்படித்தான். கடைச் சிட்டை, கடிதம், கணக்குக் கொப்பி, எந்தத் தாளானாலும் சுழி போடாமல் என் கை தொடங்காது. ஓ.எல். சோதனையில் விடைத்தாளில் சுட்டெண்ணைத் தவிர எந்த அடையாளமும் போடக்கூடாது என்று மேற்பார்வையாளர் உரத்து வாசித்தார். வாசித்துவிட்டு வாங்கு மேசைகளுக்கு இடையால் நடந்துவந்தார். நான் சுழியில் பாதியில் நின்றேன். அவர் குனிந்து மெல்லச் சொன்னார். “சின்னனாய்ப் போடடா.”

5

எங்கள் விண்ணப்பம் முந்நூறு பக்கத்துக்கு மேல். என்ன படிப்பிப்பது, நடக்க முடியாத பிள்ளை வந்தால் என்ன செய்வது, தீப்பிடித்தால் எந்தக் கதவால் ஓடுவது, தலைமை ஆசிரியர் விலகினால் யார் பார்ப்பது, எல்லாவற்றுக்கும் ஒவ்வோர் அத்தியாயம். அதில் நான் வாசித்தது என் பெயர் இருந்த பக்கம் மட்டும்.

எனக்குத் தந்த வேலை வேறு. பள்ளி திறந்தால் பிள்ளையை விடுவோம் என்று குடும்பங்கள் கையெழுத்து வைத்த படிவங்கள் வேண்டும். அவை இல்லாவிட்டால் மற்ற முந்நூறு பக்கமும் வீண் என்று ரகு சொன்னான். படிவக்கட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து குசினி மேசையில் வைத்தேன். பேனையை எடுத்தேன். ஒவ்வொரு தாளின் தலையிலும் ஒரு சுழி. யோசித்துச் செய்தேன் என்று சொன்னால் அது பொய். பனங்கிழங்கைக் கண்டால் கை தும்பு உரிக்கிற மாதிரி, அது தன்பாட்டில் நடந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் யூசுப்பும் நானும் வீடுவீடாகப் போனோம். அவனுடைய மகளுக்கும் அபியின் வயதுதான். பனிக்குள் சப்பாத்துப் புதையப் படியேறி, மணி அடித்து, அவன் சோமாலியில் கதைப்பான், நான் தெரிந்த இங்கிலீசில் கதைப்பேன். மெக்சிக்கோக்காரக் குடும்பங்களில் சின்னப் பிள்ளைகள் மொழிபெயர்த்தார்கள். இந்த நாட்டுக்கு வந்து பத்து வருடத்தில் நான் இத்தனை வீடுகளுக்குள் போனதில்லை. தேத்தண்ணீர் தந்தார்கள். இருக்கச் சொன்னார்கள். பிடியரிசிக்குப் போன அப்புவின் நினைவு வந்தது. அந்த ஆறு கிழமையும் எனக்கு ஊரில் இருந்த மாதிரி.

யூசுப் தன்னுடைய படிவத்தை நிரப்ப எடுத்தபோது தலையில் இருந்ததைப் பார்த்தான்.

“இது என்ன, படிவத்தோடு வந்ததா?”

“இல்லை. நான் போட்டது. தொடங்க முன்னம் கடவுளுக்கு.”

அவன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “உன்னுடையவர் மட்டும் தனியே நிற்கிறாரே” என்று சொல்லிவிட்டு, வலப்பக்க மூலையில் தன் கடவுளின் பெயரைத் தன்னுடைய எழுத்தில் எழுதினான். பிறகு இருவரும் அடுத்த வீட்டுக்கு நடந்தோம்.

6

விண்ணப்பத்தைப் பரிசீலித்தவர்கள் பதினொரு கேள்வி எழுதி அனுப்பினார்கள். எட்டாவது கேள்வி என்னுடையது: குடும்பப் படிவங்கள் எல்லாவற்றின் தலையிலும் ஒரே கையால், ஒரே மையால் ஒரு குறி இருக்கிறது. போட்டது யார், எப்போது, ஏன்?

ரகு வீட்டு மேசையைச் சுற்றி எல்லாரும் கூடினோம். ரகுதான் எனக்கு விளங்கப்படுத்தினான். இதில் இரண்டு ஆபத்து. ஒரே கை என்றால், படிவங்களை நாங்களே எழுதிக் கள்ளக் கையெழுத்து வைத்தோம் என்று நினைக்கலாம். சமயக் குறி என்றால், இது சமயப் பள்ளி என்று நினைக்கலாம். எதை நினைத்தாலும் விண்ணப்பம் விழும்.

“அண்ணை, உது படிவம் கிடைச்சதுக்குப் போட்ட சரி அடையாளம், ‘டிக்’ எண்டு சொன்னால் அலுவல் முடிஞ்சுது. பார்க்கவும் சரி மாதிரித்தானே கிடக்கு.”

“அண்ணா, ஒரே ஒரு வார்த்தைதான். இத்தனை குடும்பம் நம்மள நம்பி கையெழுத்துப் போட்டிருக்கு” என்றார் கவிதா ரீச்சர்.

நான் ஓம் என்றேன். அதை மறைக்கக்கூடாது. அன்றைக்கு அந்த மேசையில் நான் ஓம் என்றுதான் சொன்னேன்.

விசாரணை நகரமண்டபத்தில், பின்னேரம் நாலு மணிக்கு. யார் வேண்டுமானாலும் வந்து இருக்கலாம். ஒன்பது பேர் அரைவட்டமாக இருந்தார்கள். எங்களுக்கு ஒரு நீள மேசையும் ஒலிவாங்கியும். பக்கத்தில் ஒரு சின்ன விளக்கு: பச்சை எரிந்தால் கதைக்கலாம், மஞ்சள் வந்தால் முடிக்கவேண்டும், சிவப்பு வந்தால் வாயை மூடவேண்டும். புவனத்துக்கு வேலை. ஆகவே அபியையும் கூட்டிவந்து கடைசி வரிசையில் யூசுப்பின் பக்கத்தில் இருத்தினேன். அவள் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தாள்.

சபைத் தலைவி நரைத்த தலை, கழுத்தில் தொங்கும் கண்ணாடி. முதல் ஏழு கேள்விக்கும் கவிதா ரீச்சரும் ரகுவும் மழைபோலப் பதில் சொன்னார்கள். எட்டாவதுக்குத் தலைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு படிவத்தைத் தூக்கிப் பிடித்தார். யூசுப்புடைய படிவம்.

“இதில் இரண்டு குறி இருக்கிறது” என்றார்.

பின்னால் கதிரை அரைபட்ட சத்தம். யூசுப் எழுந்து நின்றான். “வலப்பக்கம் இருப்பது என்னுடையது அம்மணி!”

மண்டபம் சிரித்தது. தலைவியும் கொஞ்சம் சிரித்தார். “உங்களுடைய முறை இன்னும் வரவில்லை ஐயா. ஆனால் எழுந்துவிட்டீர்கள், சொல்லுங்கள். அது என்ன?”

“கடவுளின் பெயர். என் வீட்டுப் படிவம், நான் எழுதினேன்” என்றான். சொல்லிவிட்டு இருந்துவிட்டான். அவனுக்கு அது அவ்வளவு இலேசாக இருந்தது.

தலைவி எங்கள் மேசைப் பக்கம் திரும்பினார். “இடப்பக்கம் இருப்பது?”

ரகு என் பக்கம் பார்க்காமல், மேசைக்குக் கீழே கையால் ஒரு சரி அடையாளம் கீறிக் காட்டினான். விளக்கு பச்சையாக எரிந்தது. ஒலிவாங்கி எனக்கு முன்னால் இருந்தது. அபி வீட்டுப்பாடத்தில் இருந்து தலையை நிமிர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது வெறும் சரி அடையாளம் என்று சொல்ல இங்கிலீசில் ஒரே ஒரு சொல். அது எனக்குத் தெரியும். சட்டைக்குள்ளே விபூதி வேர்த்து ஒட்டியிருந்தது.

“அதுவும் அதுதான் அம்மணி” என்றேன்.

பிறகு எனக்குத் தெரிந்த இங்கிலீசில், உடைத்து உடைத்துச் சொன்னேன். வெறுந்தாளில் என் வீட்டு மேசையில் நான் போட்டது. அதற்குப் பிறகுதான் குடும்பங்கள் கண்டன. கையெழுத்துகள் அவர்களுடையவை, வீடுவீடாகப் போய்க் கேட்டுப் பார்க்கலாம். எங்களுடைய இடத்தில் ஒரு தாளும் இது இல்லாமல் தொடங்காது. இங்கே பிழை என்று எனக்குத் தெரியாது. இதைப் போடச் சொல்லி ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.

மஞ்சள் வரமுன்னமே முடித்துவிட்டேன். தலைவி நெடுநேரம் எழுதினார். பிறகு முடிவைச் சொன்னார்: இந்தப் படிவங்களை ஏற்க முடியாது. பத்து வேலை நாளுக்குள் வெறுமையான புதிய படிவங்களில் மறுபடியும் கையெழுத்து வாங்கித் தரவேண்டும். பள்ளியின் நிர்வாகத்துக்குள் சமயம் வராமல் எப்படிப் பார்த்துக்கொள்வீர்கள் என்றும் எழுதித் தரவேண்டும்.

வீட்டுக்குக் காரோட்டும்போது அபி இங்கிலீசில் கேட்டாள். “ரகு மாமா கையால் காட்டினாரே, நீங்கள் காணவில்லையா?”

“கண்டனான்.”

“பிறகேன் அதைச் சொல்லவில்லை?”

என்னிடம் பதில் இருந்தது. தமிழில் இருந்தது. அதை அவளுடைய இங்கிலீசுக்குக் கொண்டுவர நான் சொல் தேடிக்கொண்டிருந்தபோது சிக்னல் பச்சையாகிவிட்டது. அவள் காதில் பாட்டுக் கேட்கிறதை மாட்டிக்கொண்டு கண்ணாடிப் பக்கம் திரும்பிவிட்டாள்.

7

இரண்டு நாள் கழித்து ரகுவும் கவிதா ரீச்சரும் வீட்டுக்கு வந்தார்கள். கோபமாக வரவில்லை. வாழைப்பழமும் கொண்டுவந்திருந்தார்கள். அதைக் கண்டதும் ஏதோ கேட்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று எனக்கு விளங்கிவிட்டது.

“அண்ணை, வாயாலை சொல்லக் கூச்சமாய்க் கிடக்கு...”

“அப்ப நான் சொல்லுறன். நான் விலகிறன். நான் விலகினால், உள்ளுக்கை சமயம் வராது எண்டு நீங்கள் எழுதிக் குடுக்கிறதை அவையள் நம்புவினம். அதுதானே?”

ரகு நிலத்தைப் பார்த்தான். “அபியின்ரை இடம் அண்ணை...”

“மற்றப் பிள்ளையள் மாதிரிக் குலுக்கலுக்கை வரட்டும்.”

கவிதா ரீச்சரின் கண் கலங்கியது. “அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க” என்று மூன்று தரம் சொன்னார். நான் தப்பாக எடுக்கவில்லை. அவர்கள் சொன்னது சரி. நான் சொன்னதும் சரி. ஆனாலும் அவர்கள் போனபிறகு வீடு பெரிதாகத் தெரிந்தது.

புவனம் குசினி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். அன்றைக்கு அவள் மூன்று வசனத்தில் நிற்கவில்லை. கடைசியில் சொன்னது இது: “பிள்ளையாருக்கு உண்மை சொல்லிப்போட்டியள். பெத்த பிள்ளைக்கு என்ன சொல்லப்போறியள்?”

சபையில் இல்லாதவர் சபையின் வட்சப் குழுவிலும் இருக்கக்கூடாது. அதுவும் விதி. ஒரு நாளைக்கு நாற்பது தரம் கத்திக்கொண்டிருந்த போன் அன்றைக்குப் பின்னேரத்தோடு பேசாமல் கிடந்தது. சார்ஜ் இறங்காமல் இரண்டு நாள் நின்றது. அது பழுதாகிவிட்டதோ என்று யூசுப்பிடம் கொடுத்து எனக்கு ஒரு அழைப்பு எடுக்கச் சொன்னேன். பழுதில்லை. மணி அடித்தது.

8

சபையில் இல்லாவிட்டாலும் குழப்பியது நான். வீடுகள் தெரிந்ததும் எனக்குத்தான். வேலை முடிந்ததும் புதிய படிவங்களோடு யூசுப்பும் நானும் மறுபடி படியேறினோம். சிலர் ஏன் என்று கேட்டார்கள். சிலர் கதவைத் திறக்கவில்லை. ஒரு வீட்டில் முதல் தரம் தேத்தண்ணீர் தந்த அம்மா, வாசலில் நின்றபடியே கையெழுத்து வைத்து, கதவை மெல்லச் சாத்தினார்.

அப்படிப் படியேறத் தொடங்குவதற்கு முதல் நாள் நடந்ததை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. உங்களுக்குத்தான் சொல்கிறேன். புதிய படிவக்கட்டு குசினி மேசையில் கிடந்தது. பேனையை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வந்து இருந்தேன். தலைப்பக்கம் வெள்ளையாக இருந்த தாளைப் பார்க்க, திருநீறில்லாத நெற்றியைப் பார்ப்பது போல இருந்தது. “சின்னனாய்ப் போடடா” என்ற குரல் முப்பத்தைந்து வருடம் தாண்டிக் காதில் கேட்டது. சின்னதாகவும் போடக்கூடாது என்று எனக்குத் தெரியும். இனி ஒரு படிவத்திலும் குறி போடமாட்டேன் என்று ரகுவிடம் கையெழுத்து வைத்துக் கொடுத்திருந்தேன்.

சுட்டுவிரலை எடுத்தேன். மையில்லாமல், வெறும் விரலால், ஒவ்வொரு தாளின் தலையிலும் சுழித்தேன். தாளில் ஒன்றும் விழவில்லை. அபி தண்ணீர் குடிக்க வந்தவள், தூசு துடைக்கிறேன் என்று நினைத்து, ஒரு ஈரக்கடதாசியைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

ஒன்பதாவது நாள் படிவங்களை ரகுவிடம் கொடுத்தேன். முதல் தரத்தைவிட ஆறு குறைவு. அது போதுமாக இருந்தது.

9

ஆனி மாதத்தில் அந்த ஒன்பது பேர் சபை வாக்களித்தது. அனுமதி கிடைத்தது, நிபந்தனையோடு. கட்டடத்துக்குத் தீயணைப்பு அத்தாட்சி, பிள்ளைகளின் தொகை, ஆசிரியர்களின் சான்றிதழ் எல்லாம் சரியாக இருந்தால் அடுத்த வருடம் திறக்கலாம். எனக்கு ரகு செய்தி அனுப்பினான். கைகூப்பும் படம் ஐந்து போட்டிருந்தான். நான் சலவைக்கூடத்தில் நின்று வாசித்துவிட்டு யூசுப்புக்குச் சொன்னேன். அவன் விரிப்பைக் கைவிட்டுவிட்டு வந்து என்னைக் கட்டிப்பிடித்தான். விரிப்பை மறுபடியும் தோய்க்கவேண்டி வந்தது.

அடுத்த பங்குனியில் நூலகத்தில் குலுக்கல். இலக்கமிட்ட பந்துகளை ஒரு பெண் ஒவ்வொன்றாக எடுத்து வாசித்தார். அபியின் வகுப்புக்கு இடங்கள் நிரம்பும்வரை அபியின் இலக்கம் வரவில்லை. யூசுப்பின் மகளினதும் வரவில்லை. இருவரும் காத்திருப்போர் பட்டியலுக்குப் போனார்கள். புவனம் பக்கத்தில் இருந்தாள். என் சட்டைக் கையில் ஒட்டியிருந்த நூலை எடுத்துப் போட்டாள்.

பள்ளி திறந்த அன்று நான் வேலைக்கு லீவு எடுத்துக்கொண்டு போய், தெருவுக்கு மறுபக்கம் நின்று பார்த்தேன். மூன்று மொழியில் பெயர்ப்பலகை. வாசலில் பெற்றோர் கும்பலாக நின்று கதைத்தார்கள், தமிழும் கேட்டது. ரகு கண்டு கையை ஆட்டினான். நானும் ஆட்டிவிட்டுக் காரை எடுத்தேன்.

போன ஐப்பசியில் கடிதம் வந்தது. அபியின் வகுப்பில் ஒரு இடம் காலியாகியிருக்கிறது. மூன்று நாளுக்குள் ஓம் அல்லது இல்லை என்ற பெட்டியில் அடையாளமிட்டுக் கையொப்பத்தோடு திருப்பி அனுப்பவேண்டும்.

புவனம் அன்றைக்கு வேலைக்குப் போகமுன்னம் பாற்சோறு பொங்கினாள். அபி சாப்பிடாமல் கோப்பைக்குள் கரண்டியால் கோடு கீறிக்கொண்டிருந்தாள்.

“என்னம்மா, சந்தோசமில்லையே?”

அவள் இங்கிலீசில்தான் சொன்னாள். “அப்பா, போன வருசம் முழுக்க நான் பள்ளியில் தனிய இருந்துதான் சாப்பிட்டேன். இந்த வருசம் ஒரு சிநேகிதி வந்திருக்கிறாள். இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிடுகிறோம்.” கொஞ்சம் நின்று சொன்னாள். “புதுப் பள்ளியில் எனக்கு ஒருத்தரையும் தெரியாது.”

போன வருடம் முழுக்க. எனக்குத் தெரியாது. தினமும் காலையில் அவளுடைய சாப்பாட்டுப் பெட்டியை மூடியது நான்தான். சலவைக்கூடத்துக்கு வந்த முதல் வருடம், சவர்க்காரப் பெட்டிகளுக்குப் பின்னால் சுவரைப் பார்த்துக்கொண்டு சோறு தின்றவனும் நான்தான். அப்படி இருப்பது எப்படி என்று இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். அது எங்கள் இருவருக்கும் தெரியும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

புவனத்திடம் சொன்னேன். அவள் வாதாடினாள். தமிழ் போய்விடும் என்றாள். நீங்கள் விட்டுக்கொடுத்தே பழகினவர் என்றாள். பிறகு, “தனியவே சாப்பிட்டவள்?” என்று கேட்டாள். ஓம் என்றேன். சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, முகத்தைக் காட்டாமல், “எழுதுங்கோ” என்றாள்.

படிவத்தை மேசையில் வைத்தேன். கை பழக்கத்தில் விரல் முதலில் தலைப்பக்கம் போயிற்று. வேண்டாம் என்று சொல்லப்போகிற தாளுக்கு எதற்கு என்று ஒரு கணம் நிறுத்தினேன். பிறகு வெறும் விரலால் போட்டேன். அதுவும் ஒரு தொடக்கந்தானே. இல்லை என்ற பெட்டியில் அடையாளமிட்டுக் கையொப்பம் வைத்தேன்.

அடுத்த கிழமை யூசுப் வேலைக்குச் சிரித்துக்கொண்டு வந்தான். “கூப்பிட்டுவிட்டார்கள்! மகளுக்கு இடம் கிடைத்துவிட்டது. யாரோ வேண்டாம் என்று விட்டுவிட்டார்களாம். யாரென்று தெரிந்தால் போய்க் கைகொடுப்பேன்.”

“நல்லது” என்றேன். விரிப்பின் மூலைகளைப் பிடித்துக்கொண்டு ஒருவரை நோக்கி ஒருவர் நடந்தோம். மூலைகள் சேரும்போது கைகள் தொட்டன. பிறகு விலகிப் போனோம்.

அண்ணைக்கு ஒரு வார்த்தை. நீ கேட்டது இரண்டு பக்கம், நான் கொப்பியில் பாதியை முடித்துவிட்டேன். வெட்டுகிறதை வெட்டு. ஆனால் முதல் தாளின் தலையில் இருப்பதை அச்சடிக்கிற இடத்தில் எடுக்கவேண்டாம் என்று சொல்லு. அது என்னவென்று அங்கே ஒருவரும் என்னிடம் கேட்கமாட்டார்கள். அந்த விசாரணைக்குப் பிறகு நான் மையால் போட்ட சுழி அது ஒன்றுதான். பெரிதாகவே போட்டிருக்கிறேன்.